4கே பிளானும் ஒரு ஸ்கேலும்: டிவியைப் போட்டோ எடுத்துத் தரம் பார்த்த கதை

இந்த ஓடிடியின் பெயரைப் போடவில்லை. நடந்ததில் பாதித் தப்பு என் வீட்டிலேயே இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது, அதற்கு அவர்கள் பெயரை இழுப்பது நியாயமில்லை. மீதிப் பாதி அவர்களுடையதுதான், அதைச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. பொங்கலுக்கு 43 இன்ச் 4கே டிவி வாங்கினோம். அதில் சாதாரண பிளானையே ஓட்டிக்கொண்டிருப்பது பட்டுப்புடவை எடுத்து பீரோவில் பூட்டி வைக்கிற மாதிரி என்று மச்சான் ஏற்றிவிட, மூன்று மாசத்துக்கு நானூறு ரூபாய் கூடக் கொடுத்து "4கே" பிளானுக்கு மாறினேன்.

முதல் வாரமே ஒரு பேய்ப்படம். இருட்டு வீடு, கையில் ஒரு மெழுகுவர்த்தி, பின்னால் வெறும் சுவர். அந்தச் சுவரில் கட்டம் கட்டமாக ஏதோ ஊர்ந்துகொண்டே இருந்தது. அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஏண்டா, டிவிக்குள்ள கரப்பான் ஏதும் பூந்துருச்சா?" என்று கேட்டார். படத்தின் பெயருக்குப் பக்கத்தில் 4கே பட்டை மட்டும் ஜோராக மின்னிக்கொண்டிருந்தது.

கஸ்டமர் கேரில் சாட் போட்டேன். "ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்க சார்" என்றார் எதிர்ப்பக்கத்துத் தம்பி. டிவியில் ஸ்க்ரீன்ஷாட்டுக்கு நான் எங்கே போவேன்? போனில் அதே படத்தைப் போட்டு எடுத்தால் கறுப்புக் கட்டம்தான் வருகிறது. காப்பியடிக்காமல் இருக்க அவர்களே போட்ட பூட்டு அது, அதைத் திறந்து காட்டச் சொல்லி என்னிடமே கேட்கிறார்கள். அதைச் சொன்னதும் "அப்ப டிவியை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க சார்" என்றார். எடுத்து அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் பதில்: "போட்டோவைப் பார்த்தா டிவி டிஸ்பிளே பிரச்சினை மாதிரி தெரியுது சார், சர்வீஸ் சென்டர்ல காட்டுங்க."

கோபத்தில் அந்தப் போட்டோவைத் திரும்பத் திறந்து பார்த்தால், அவர் சொன்னதில் தப்பே இல்லை. திரை முழுக்க வானவில் வளையம், குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை, நடிகையின் முகம் நீலம் பாரித்துப் போய் யாரோ தண்ணீரில் இருந்து எடுத்துப் போட்டது போல. நேரில் பார்த்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அன்றைக்குத்தான் டிவியைப் போட்டோ எடுப்பது தனி வித்தை என்று புரிந்தது. அடுத்த மூன்று வாரம் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் இதே வேலை.

வானவில் வளையத்துக்குக் காரணம் எளிது. கொசுவலையை இரண்டாக மடித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அலை அலையாக ஒரு கோலம் தெரியுமே, அதேதான். டிவியில் பிக்சல் வரிசை ஒரு வலை, கேமரா சென்சாரில் இருப்பது இன்னொரு வலை. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவில் ஒன்றின்மேல் ஒன்று விழும்போதுதான் கோலம் ரொம்ப மோசமாக வரும். என் டிவி அகலவாக்கில் 3840 பிக்சல், போன் போட்டோ அகலவாக்கில் 4080. அதாவது முழு டிவியையும் போட்டோவுக்குள் அடக்கினால் ஒன்றுக்கு ஒன்று, இதைவிட மோசமான பொருத்தம் கிடைக்காது. திரையில் கால்வாசி அகலத்தை மட்டும், ஏறக்குறைய ஒரு சாண், கொஞ்சம் தள்ளி நின்று 2எக்ஸ் ஜூமில் எடுத்தால் ஒரு டிவி பிக்சலுக்குக் கேமராவில் நாலு பிக்சல் கிடைக்கும், கோலம் பெரும்பாலும் ஒழிந்துவிடும். அப்படியும் மிச்சம் இருந்தால் ஃபோகஸை ஒரு மயிரிழை விலக்கினால் போதும்.

கறுப்புப் பட்டை ஷட்டரால் வருவது. டிவியின் பின்விளக்கு நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிகிறது, கேமராவோ படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது, ஷட்டர் வேகமாக இருந்தால் அணைந்த நேரத்தில் படித்த வரிகள் கறுப்பாகிவிடும். ப்ரோ மோடுக்குப் போய் ஷட்டரை 1/60-ல் நிறுத்தினேன், என் டிவி நொடிக்கு 60 முறை புதுப்பிக்கிறது என்பதால் அது பொருந்திவந்தது. ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகத் தெரிய வைக்கிற நிறச் சரிக்கட்டல்) ஆட்டோவில் விடாமல் 6500 கெல்வினில் பூட்டினால் நீல முகம் சரியாகிவிடும். ரூம் லைட் எல்லாம் அணைக்க வேண்டும், இல்லையென்றால் போட்டோவில் பேய்க்குப் பதில் பனியனோடு நான்தான் தெரிகிறேன். அப்புறம் அந்த "நைட்", "ஏஐ" சமாச்சாரங்களை மறக்காமல் அணையுங்கள். அவை புள்ளியையும் கட்டத்தையும் தானாகவே நைஸாகத் தேய்த்து அழகாக்கிவிடும், நாம் தேடுவதே அந்தக் கட்டத்தைத்தான்.

இருட்டுக் காட்சியில் இன்னொரு வில்லங்கம். ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் அளவை, ஏற்ற ஏற்ற, கண்ணுக்கே தெரியாத கட்டம்கூடப் போட்டோவில் பளிச்சென்று வரும். அது கேமரா செய்கிற கோள்மூட்டல். அதை அனுப்பி நியாயம் கேட்பது சரியில்லை. சோபாவில் உட்கார்ந்து பார்க்கும்போது சுவர் எவ்வளவு இருட்டாகத் தெரிகிறதோ, போட்டோவிலும் அவ்வளவு இருட்டு வருகிற அளவில் நிறுத்தி, அதே செட்டிங்கில் எல்லாப் போட்டோவையும் எடுத்தேன். ஒரே ஒரு போட்டோவை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அதே கேமரா, அதே இடம், அதே செட்டிங், இரண்டு போட்டோ. அப்போதுதான் ஒப்பிட முடியும்.

படத்தைப் பாஸ் போட்டு நிறுத்தி எடுக்கலாமே என்று தோன்றும். நானும் அதைத்தான் முதலில் செய்தேன். பாஸ் போட்டதும் இந்த ஆப் திரை முழுக்க ஒரு மங்கல் திரையைப் போட்டு, மேலே படத்தின் பெயரையும் கீழே பட்டனையும் நிறுத்துகிறது, இருட்டுக் காட்சி இன்னும் இருட்டாகிறது. அதனால் ஓடவிட்டே எடுக்க வேண்டும். படம் நொடிக்கு 24 ஃபிரேம், டிவி 60 முறை. ஆக ஒரு ஃபிரேம் மூன்று சுற்று நிற்கும், அடுத்தது இரண்டு சுற்று. நேரம் தப்பினால் இரண்டு ஃபிரேம் கலந்து வந்துவிடும், அதைப் பார்த்து "கலங்கலாக இருக்கிறது" என்று ஓடிடியைத் திட்டக்கூடாது. பர்ஸ்டில் பத்துப் பதினைந்து எடுத்துச் சுத்தமானதைப் பொறுக்குவேன். ஸ்டாண்டு இல்லாமல் இது நடக்காது. கையில் பிடித்தால் நம் மூச்சே போதும் படத்தைக் கெடுக்க.

இவ்வளவு ஆன பிறகுதான் ஒன்று உறைத்தது. முதலில் டிவியே யோக்கியமா என்று பார்த்தேனா? லேப்டாப்பில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 256 படி போகும் ஒரு சாம்பல் பட்டையைப் படமாகச் செய்து, பென்டிரைவில் ஏற்றி டிவியில் செருகினேன். இணையமும் இல்லை, ஓடிடியும் இல்லை. பட்டை வழவழவென்று போக வேண்டும். என் டிவியிலோ கறுப்பு முனையில் ஏழெட்டுப் படி ஒன்றாகக் குழைந்து மொத்தையாக நின்றது. கடைக்காரர் டெமோவுக்காக வைத்த "விவிட்" மோடு, மேலே டைனமிக் கான்ட்ராஸ்ட், அதற்கும் மேலே கரன்ட் மிச்சம் பிடிக்கிற ஈக்கோ மோடு. ஷார்ப்னஸ் வேறு பாதிக்கு மேல் ஏற்றியிருந்தது, எழுத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு நிழல் கட்டியது. எல்லாவற்றையும் இறக்கி சினிமா மோடில் வைத்துத் திரும்பப் பேய்ப்படத்தைப் போட்டால், சுவரில் ஊர்ந்ததில் பாதி காணாமல் போய்விட்டது. முதல் நாள் சாட்டில் அந்தத் தம்பியிடம் கொஞ்சம் சூடாகப் பேசிவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

சரி, மீதிப் பாதி? அதற்குத்தான் ஸ்கேல். மகளின் 15 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் ஸ்கேலை டிவியின் கீழ்ச் சட்டத்தில் செலோடேப் போட்டு ஒட்டி, அதுவும் போட்டோவில் விழும்படி எடுத்தேன். 43 இன்ச் 4கே திரையில் ஒரு பிக்சல் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். சுவரில் தெரிந்த கட்டங்களை அளந்தால் ஒரு பக்கம் 8 மில்லிமீட்டர், அதாவது 32 பிக்சல். எச்264 முறையில் வீடியோவைச் சுருக்கும்போது படத்தை 16-க்கு 16 கட்டமாக வெட்டுவார்கள். 1080 வீடியோவை (4கேயில் பாதி அகலம், பாதி உயரம்) 4கே திரைக்கு இழுத்தால் ஒவ்வொரு பிக்சலும் இரண்டுக்கு இரண்டாகப் பெருத்து, அந்த 16 கட்டம் 32 ஆகிவிடும். கணக்கு கச்சிதமாக உட்கார்ந்தது. "மாட்டினான்" என்று தொடையைத் தட்டினேன். ஆனால் அதற்கு அடுத்து வந்த எச்இவிசி முறையில் கட்டம் 64 வரைகூடப் போகும், 32-ம் வரும். நிஜ 4கேயிலேயே 32 கட்டம் தெரிய வாய்ப்பு இருக்கிறது. ஸ்கேல் சந்தேகத்தைக் கிளப்பும், தீர்ப்பு சொல்லாது.

டிவி ரிமோட்டில் இன்ஃபோ பட்டனை அழுத்தினால் 2160, அதாவது 4கேயின் உயரம், என்று காட்டுகிறதே என்பவர்களுக்கு: அது உங்கள் ஸ்டிக் (டிவியில் செருகி ஓடிடி பார்க்கிற குட்டிக் கருவி, நானும் அதில்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்) டிவிக்கு அனுப்பும் அளவு. உள்ளே வருவது 480 ஆக இருந்தாலும் ஸ்டிக் அதை 2160-க்கு இழுத்துத்தான் அனுப்பும். யூடியூபில் என்ன வருகிறது என்று பார்க்க ஒரு புள்ளிவிவரப் பெட்டி இருக்கிறது, இந்த ஆப்பில் அப்படி ஒன்றும் கிடையாது. சப்டைட்டிலை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். அதை ஆப் தனியாக மேலே எழுதுகிறது, படம் கூழாக இருந்தாலும் சப்டைட்டில் கத்தி மாதிரி நிற்கும்.

எனக்கு வழி காட்டியது டைட்டில் கார்டு. படத்தோடு சேர்ந்தே பதிந்த எழுத்து, அதிலும் தமிழ் எழுத்து. கறுப்புப் பின்னணியில் பொடியாக ஓடும் உதவியாளர் பெயர் வரிசையில் கேமராவை வைத்து நெருக்கமாக எடுத்தேன். ஸ்டிக் வழியாக ஓடும்போது எடுத்த போட்டோவில் "இயக்கம்" என்பதில் இரண்டு புள்ளியும் சுத்தமாகக் கரைந்து "இயககம" என்று நின்றது. "கண்ணன்" என்று ஒரு பெயர். அதில் ண எங்கே முடிகிறது, ன எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் மூன்று சுழி இரண்டு சுழி எல்லாம் ஒரே உருண்டை. அதே படத்தை டிவிக்குள்ளேயே இருக்கிற அதே ஆப்பில், அதே அக்கவுண்டில், அதே இணையத்தில் போட்டு அதே வரியை எடுத்தேன். புள்ளி குண்டூசித் தலை மாதிரி தனியாக நிற்கிறது, சுழியை எண்ணலாம். இங்கிலீஷ் டைட்டிலில் இந்த வித்தியாசம் இவ்வளவு பளிச்சென்று தெரியவில்லை. பட்டை பட்டையான பெரிய எழுத்து எதையும் தாங்கிவிடுகிறது. தரம் பார்க்க நம் புள்ளியைவிட நல்ல சோதனை அட்டை கிடைக்காது என்பேன்.

ஆக, ஸ்டிக்கில் இருக்கும் ஆப்புக்கு அவர்கள் 4கே கொடுப்பதே இல்லை. ஆனால் பட்டை அங்கேயும் 4கே என்றுதான் மின்னுகிறது. பட்டை சொல்வது "எங்களிடம் 4கே இருக்கிறது" என்று, "உனக்கு 4கே வருகிறது" என்று அது எங்கேயும் சொல்லவில்லை. ஹோட்டல் போர்டில் நெய் ரோஸ்ட் என்று இருப்பதும் நம் தட்டில் விழுவதும் வேறு வேறு என்பது நமக்குப் பழக்கம்தான், ஆனால் பில்லில் நெய் ரோஸ்ட் என்று போட்டுக் காசு வாங்கினால் கேட்போம் இல்லையா. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இங்கே ஓடிடிக்காரர்கள் சேர்ந்து, மொபைல் நெட்வொர்க்கில் 480-க்கு மேல் தரமாட்டோம், ஏப்ரல் 14 வரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுக் குறைத்தார்கள். அன்றைக்கு யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. சொல்லிவிட்டுக் குறைத்தால் யாருக்கும் வருத்தமில்லை.

டிவியில் இருக்கும் ஆப்பிலும் எல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். பிளே அழுத்தியதும் முதல் கொஞ்ச நேரம் மாவு பிசைந்த மாதிரிதான் வருகிறது. 2 நொடி, 5 நொடி, 10 நொடி, 20 நொடி என்று எடுத்துப் பார்த்தேன். 10-ல் முகம் வருகிறது, 20-ல்தான் தாடி மயிர் தனித்தனியாக வருகிறது. வீடியோவைச் சில நொடித் துண்டுகளாக நறுக்கி, இணையம் எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பெரிய துண்டோ சின்னத் துண்டோ எடுக்கிற முறை இது, எல்லா ஓடிடியிலும் இதே கதைதான். ரவுட்டரை 2.4-லிருந்து 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் 20 நொடி 8 ஆனது. டிவிக்கு நேரே கேபிள் இழுத்தபோது இன்னும் கொஞ்சம் குறைந்தது, ஆனால் ஹால் நடுவே ஓடும் நீலக் கேபிளில் அம்மா தடுக்கியதால் அந்தப் பரிசோதனை ஒரே நாளில் முடிந்தது.

பேய்ப்படச் சுவர் மட்டும் இன்னமும் முழுசாகச் சரியில்லை. செட்டிங்கை மாற்றிய பிறகு பென்டிரைவில் சாம்பல் பட்டை வழவழவென்று போகிறது, இவர்கள் இருட்டில் மட்டும் படி படியாக இறங்குகிறது என்றால் அங்கே பிட்ரேட்டில், அதாவது நொடிக்கு அனுப்பும் டேட்டா அளவில், கை வைக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். இருட்டில் யார் பார்க்கப்போகிறார்கள் என்ற கணக்கு.

லைவ் மேட்ச் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை, ஏனென்றால் 4கே பிளானில் இருந்தாலும் லைவ் 4கேயில் வரவில்லை. கேமரா பந்துக்குப் பின்னால் திரும்பும்போது எடுத்த போட்டோவில் புல் என்று ஒன்றே இல்லை, பச்சைப் பெயின்ட் அடித்த சிமென்ட் தரை. ஸ்கோர் பட்டை மட்டும் அசையாமல் இருப்பதால் துல்லியமாக இருக்கிறது. இதைவிட எரிச்சல் தாமதம். பக்கத்து வீட்டு மாமாவிடம் டிடிஎச். விக்கெட் விழுந்தால் முதலில் அவர் சத்தம், அப்புறம்தான் எங்கள் வீட்டில் பவுலர் ஓட ஆரம்பிப்பார். அவரிடம் சொல்லி ஸ்கோர் மாறும் கணத்தில் ஆளுக்கொரு போட்டோ எடுத்து, இரண்டு போட்டோவிலும் பதிந்த நேரத்தைப் பார்த்தோம். 34 நொடி வித்தியாசம். "அப்ப நான் சத்தம் போடாம பாக்கணும்ங்கிற, அதானே?" என்று மாமா கேட்டார். ஆமாம் என்று எப்படிச் சொல்வது.

இந்தத் துறையில் இருப்பவர்கள் இதையெல்லாம் போட்டோ எடுத்துப் பார்ப்பதில்லை. மூலப் படத்தையும் சுருக்கிய படத்தையும் கணினியிலேயே பக்கத்தில் வைத்து மதிப்பெண் போடுவார்கள். நெட்ஃபிளிக்ஸ் 2016-ல் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்ட விஎம்ஏஎஃப் என்ற அளவுகோல் 0-லிருந்து 100 வரை சொல்லும். அதற்கு மூலப் படம் கையில் வேண்டும், நம்மிடம் ஏது? டிவியை எடுத்த போட்டோவை அதில் போட்டால் கோணல், நிறம், கொசுவலைக் கோலம் எல்லாவற்றுக்கும் சேர்த்து மார்க் குறைக்கும். மனுஷக் கண்ணை வைத்துப் பார்க்கவும் முறை இருக்கிறது. 5 என்றால் மிக நன்று, 1 என்றால் மிக மோசம், குறைந்தது 15 பேராவது பார்க்க வேண்டும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு தன் பிடி.500 பரிந்துரையில் சொல்கிறது. என்னிடம் நாலு பேர். எது ஸ்டிக், எது டிவி என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டேன். மனைவி ஒவ்வொரு முறையும் சரியாகக் கண்டுபிடித்தாள். மச்சான் ஸ்டிக்குக்கு 4, டிவிக்கு 3 போட்டுவிட்டு, விடை தெரிந்ததும் கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். மகளுக்குக் கார்ட்டூனில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. தட்டையான நிறத்தைச் சுருக்குவது சுலபம், அவள் சொன்னது சரிதான். அம்மா எல்லாவற்றுக்கும் 5 போட்டார், பேய்ப்படத்துக்கு மட்டும் பார்க்காமலேயே 1.

ஆறு போட்டோவை, ஸ்கேலும் புள்ளியும் தெரியும்படி, ஸ்டிக் இடப்பக்கம் டிவி வலப்பக்கம் என்று ஜோடி ஜோடியாக ஒட்டி அனுப்பினேன். இந்த முறை சர்வீஸ் சென்டர் பேச்சே வரவில்லை. இரண்டு நாள் கழித்து, "நீங்க யூஸ் பண்ற ஸ்டிக் மாடல்ல அதிகபட்சம் 1080தான் சப்போர்ட் ஆகும் சார், ஹெல்ப் பேஜ்ல இருக்கு" என்று ஒரு பதில். தேடிப் பார்த்தால் இருக்கிறது, நாலாவது கிளிக்கில், கடைசிப் பத்தியில். பட்டையை ஏன் காட்டுகிறீர்கள் என்ற கேள்விக்கு "ஃபீட்பேக் டீமுக்கு அனுப்பியிருக்கோம் சார்". ஒரு மாசம் இலவசமாக நீட்டித்தார்கள், பணம் திரும்பி வரவில்லை.

டிவியில் அவர்கள் ஆப்பே நேரடியாக ஓடும், புதுப்படங்களை ராத்திரி பதினொரு மணிக்கு மேல் சாவகாசமாகப் பார்ப்பீர்கள் என்றால் இந்தப் பிளான் எடுக்கலாம், நானூறு ரூபாய்க்குப் படம் நிஜமாகவே அழகாக இருக்கிறது. ஸ்டிக்கில் பார்ப்பவர்கள், மேட்சுக்காக மட்டும் வைத்திருப்பவர்கள், 32 இன்ச் டிவிக்காரர்கள் எடுக்க வேண்டாம். என் மார்க் 5-க்கு இரண்டரை. அந்த அரை மார்க் சாட்டில் இருந்த தம்பிக்கு. ஸ்டிக்கைப் பிடுங்கி அம்மா ரூமில் இருக்கும் பழைய டிவிக்குப் போட்டாயிற்று, அங்கே 1080-க்கே இடம் இல்லை. ஸ்கேலை மகள் பரீட்சைக்கு எடுத்துப் போய்விட்டாள், செலோடேப் பசை மட்டும் டிவிச் சட்டத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதை எடுக்க என்ன போட்டுத் துடைப்பது என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.